லட்சத்தீவுக் கப்பலிலிருந்து இறங்கி, கொச்சியில் ஒரு பகல்

வில்லிங்டன் தீவிலிருந்து எர்ணாகுளம் ஜங்ஷனுக்கு ஆட்டோவில் ஐந்நூறு ரூபாய்! லட்சத்தீவுக் கப்பலை விட்டு இறங்கி வார்ஃப் கேட்டைத் தாண்டியதுமே எங்களிடம் கேட்ட தொகை இது. தூரம் ஆறேழு கிலோமீட்டர்தான். பேசிப் பேசி முன்னூறு வரைக்கும் வந்தார், அதற்குக் கீழே இறங்கவில்லை. இரவெல்லாம் கப்பல் ஆட்டத்தில் தூங்காமல் பெட்டியோடு வருகிறவர்கள் எங்கே பேரம் பேசப் போகிறார்கள் என்று தெரிந்துதான் கேட்கிறார்கள். அதுதான் எனக்குக் கோபம். லட்சத்தீவுப் பயணத்துக்கே கையிருப்பு பெரும்பாலும் கரைந்துவிட்டது. மாலை ரயில் வரைக்கும் இருவருக்கும் ஆயிரம் ரூபாய்க்கு மேல் செலவு செய்வதில்லை என்று கப்பலிலேயே முடிவு செய்திருந்தோம்.

கேட்டிலிருந்து பெரிய சாலைக்கு நடந்துவிடுங்கள். தோப்பும்படி பக்கமிருந்து எர்ணாகுளம் போகும் தனியார் பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. நானும் மனைவியும் அதில்தான் போனோம். இரண்டு டிக்கெட்டும் சேர்ந்து ஒரு டீ, வடைக்கு ஆகும் காசு. ஓட்டுநர் பறந்தார். ஒரு கையில் பெட்டி, மறு கையில் மேல் கம்பி, காலுக்குக் கீழே இன்னும் கடல் ஆடுகிற மாதிரி ஒரு உணர்வு. ஆனாலும் ஆட்டோக் காசு மிச்சம்.

ஜங்ஷனில் பெட்டிகளை க்ளோக் ரூமில் போட்டோம். ரயில் டிக்கெட்டைக் கேட்பார்கள். பூட்டில்லாத பையை வாங்க மாட்டார்கள், சின்னப் பூட்டு ஒன்று கையில் இருக்கட்டும்.

எங்களோடு கப்பலில் வந்தவர்களில் பாதிப்பேர் அப்படியே காத்திருப்பு அறையில் படுத்துவிட்டார்கள். எனக்கு மனசே கேட்கவில்லை. எர்ணாகுளம் போட் ஜெட்டியிலிருந்து (படகுத்துறை) ஃபோர்ட் கொச்சிக்கு அரசுப் படகு ஓடுகிறது, ஆளுக்குப் பத்து ரூபாய்கூட இல்லை. இருபது நிமிடம். அந்தக் காசுக்கு வல்லார்பாடம் கன்டெய்னர் முனையத்தின் பெரிய கிரேன்கள், போல்காட்டித் தீவு, நாங்கள் காலையில் இறங்கிய வில்லிங்டன் தீவு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே போகலாம். அந்தத் தீவின் பெரும்பகுதியே மனிதர்கள் உண்டாக்கியதுதான். 1920இல் கொச்சிக்கு வந்த ராபர்ட் பிரிஸ்டோ என்ற பொறியாளர், துறைமுகத்துக்காகக் காயலை ஆழப்படுத்தியபோது அள்ளிய மண்ணைக் கொட்டி எழுப்பியது. படகின் ஓரத்து இருக்கை கிடைத்தால் விடாதீர்கள்.

கரையில் மரச் சட்டத்தில் கட்டி, தண்ணீரில் இறக்கித் தூக்கி மீன் பிடிக்கும் சீன வலைகளைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். வெயில் ஏறிய பிறகு அங்கே அதிக நேரம் நிற்கத் தேவையில்லை. எடைக்குக் கயிறுகளில் தொங்கும் கற்களை மட்டும் கிட்டப் போய்ப் பாருங்கள். அவ்வளவு பெரிய வலையை நாலைந்து பேர் தூக்க முடிவது அந்தக் கற்களால்தான். 'வாங்க, நீங்களும் இழுங்க' என்று கூப்பிட்டால், இழுத்து முடித்ததும் பணம் கேட்பார்கள் என்பது தெரிந்திருக்கட்டும்.

பக்கத்திலேயே புனித பிரான்சிஸ் தேவாலயம். 1524இல் கொச்சியில் இறந்த வாஸ்கோட காமாவை முதலில் புதைத்தது இங்கேதான். பிறகு உடலைப் போர்ச்சுகலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். எனக்குக் கல்லறையைவிட மேலே பார்த்ததுதான் பிடித்தது. கூரையிலிருந்து நீளத் துணி விசிறிகள் தொங்குகின்றன, அவற்றின் கயிறுகள் சுவர் வழியாக வெளியே போகின்றன. உள்ளே பிரசங்கம் நடக்கும்போது, வெளியே வெயிலில் உட்கார்ந்து யாரோ அதை இழுத்துக்கொண்டே இருந்திருக்க வேண்டும். அந்த ஆளைப் பற்றி ஒரு பலகைகூட என் கண்ணில் படவில்லை.

சரி, இப்போது நான் உண்மையில் சொல்ல வந்த இடம். ஃபோர்ட் கொச்சியில் வெளி என்ற பகுதியில் இருக்கிற தோபி கானா, அதாவது துணி வெளுக்கும் இடம். அவசியம் போங்கள். நேரம் குறைவாக இருந்தால் வலையையும் தேவாலயத்தையும் விட்டுவிட்டு நேராக இங்கே போங்கள். நுழைவுக் கட்டணம் எதுவும் எங்களிடம் கேட்கவில்லை.

இங்கே துவைக்கிறவர்கள் தமிழர்கள். டச்சுக்காரர்கள் தங்கள் சிப்பாய்களின் சீருடைகளை வெளுக்கத் தமிழ் நாட்டுப் பக்கமிருந்து வண்ணார் குடும்பங்களை அழைத்து வந்தார்கள், அவர்களின் வழிவந்தவர்கள்தான் இப்போது இருப்பவர்கள் என்று சொல்கிறார்கள். வரிசையாகத் தொட்டிகளும் துவைகல்லும் கொண்ட தடுப்புகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆள். படார் படார் என்று சத்தம். பின்னால் பெரிய மைதானத்தில் கொடிகள். கிளிப் ஒன்றுகூடக் கிடையாது. இரண்டு கயிறுகளைச் சேர்த்து முறுக்கிக் கட்டியிருக்கிறார்கள், அந்த முறுக்குக்குள் துணியின் முனையைச் செருகிவிட்டால் கடல் காற்றுக்கும் அசையாது. என் மனைவி ஒரு வேட்டி முனையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள், வரவில்லை.

இஸ்திரி போடும் கூடத்தில் சிரட்டைக் கரி போட்ட பழைய பெட்டிகள். கஞ்சி போட்டு, நீலம் முக்கிய வெள்ளைச் சட்டைகளை ஒரு பெரியவர் தேய்த்துக்கொண்டிருந்தார். எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"எந்த ஊரு தம்பி?"

"செங்கல்பட்டுப் பக்கம் ஐயா. நீங்க எந்த ஊருங்க?"

"இதே ஊருதான். எங்க தாத்தாவோட தாத்தாவும் இங்கதான்."

அவர் பேசிய தமிழில் மலையாள இழுப்பு இருந்தது, ஆனால் தமிழ்தான். பெட்டியைத் தூக்கிப் பார்க்கச் சொன்னார். ஒரு கையால் தூக்கவே சிரமப்பட்டேன். அதை நாள் முழுக்க இந்த வயதில் இழுக்கிறார். வாஷிங் மெஷின் வந்த பிறகும் ஓட்டல்காரர்கள் இங்கே துணி போடுகிறார்களாம். பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள் என்றார். ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றுவிட்டோம், எனக்குக் கிளம்பவே தோன்றவில்லை. கொச்சிக்கு வருகிற தமிழர்கள் மசாலாக் கடைகளில் மணிக்கணக்காக நிற்கிறோம், இவர்களைப் பார்க்காமலே ரயில் ஏறிவிடுகிறோம். எனக்கு அது சரியாகவே படவில்லை.

மசாலாக் கடை என்றதும் ஞாபகம் வருகிறது. 'ஐம்பது ரூபாய்க்கு எல்லா இடமும் காட்டுகிறேன்' என்று வரும் ஆட்டோவில் ஏறாதீர்கள். வழியில் இரண்டு மூன்று கடைக்குள் போகச் சொல்வார், அங்கே அவருக்குக் கமிஷன்.

நடந்தே மட்டாஞ்சேரி நியூ ரோடு போய், 1948இல் தொடங்கிய காயீஸ் கடையில் மட்டன் பிரியாணி. மதியம் தாண்டினால் தீர்ந்துவிடும், அதனால் கொஞ்சம் ஓட்டமும் நடையுமாகப் போனோம். நெரிசல்தான், யாரோ சாப்பிட்டு எழுந்ததும் உட்கார வேண்டும். காரம் அடிக்கவில்லை, எண்ணெய் கையில் ஒட்டவில்லை, கறி எலும்பை விட்டுத் தானாகக் கழன்றது. கூடவே ஒரு பேரீச்சம்பழ ஊறுகாய். இனிப்பும் புளிப்புமாக, பிரியாணிக்கு இப்படி ஒன்றை நான் எதிர்பார்க்கவே இல்லை. இரண்டாம் முறை கேட்டேன், முகம் சுளிக்காமல் வைத்தார்கள். கப்பலில் நாட்கணக்காகச் சாப்பிட்ட பிறகு இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது கப்பலில் போனவர்களுக்குப் புரியும். அன்றைய செலவில் பெரிய பங்கு இங்கேதான் போனது, ஒரு ரூபாய்கூட வருத்தமில்லை.

நாங்கள் போனது சனிக்கிழமை. 1568இல் கட்டிய பரதேசி (வெளிநாட்டிலிருந்து வந்தவர் என்ற பொருளில்) யூத ஆலயம் சனிக்கிழமைகளில் மூடியிருக்கும், எனவே அது இல்லை. வெள்ளிக்கிழமை என்றால் மட்டாஞ்சேரி அரண்மனை இல்லை. கப்பல் எந்தக் கிழமை வருகிறதோ அதற்குத் தகுந்த மாதிரி இரண்டில் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். அரண்மனை போர்ச்சுகீசியர் 1555 வாக்கில் கொச்சி ராஜாவுக்குக் கட்டிக் கொடுத்தது, டச்சுக்காரர்கள் பின்னால் பழுது பார்த்ததால் டச்சு அரண்மனை என்றே பெயர் நிலைத்துவிட்டது. வெளியிலிருந்து பார்த்தால் பெரிதாக எதுவும் தெரியாது. உள்ளே ராஜாவின் பள்ளியறைச் சுவர் முழுக்க ராமாயணம், தரையிலிருந்து மேல் வரை இடமே விடாமல். கழுத்து வலிக்கும் வரை பார்த்தோம்.

திரும்பும்போது படகுக்காக மறுபடி ஃபோர்ட் கொச்சி வரை போக வேண்டாம். மட்டாஞ்சேரியிலேயே எர்ணாகுளம் பேருந்து கிடைக்கிறது, தோப்பும்படி, தேவரா வழியாக ஜங்ஷன் பக்கம் இறக்கிவிடுவார்கள். ஆனால் மாலையில் தோப்பும்படியில் வண்டிகள் நகரவே நகராது. ரயிலுக்கு இரண்டு மணி நேரம் முன்னால் ஏறிவிடுங்கள். க்ளோக் ரூம் வரிசைக்கும் கொஞ்ச நேரம் வேண்டும்.