பழைய பெட்ரோல் பம்புக்குப் பழைய நிறம்: கைக்கு அடங்கும் செலவில் செய்த விதம்

பழைய பெட்ரோல் பம்பைப் பளபளவென்று புதிதாக்கப் போனால் செலவுக்கு எல்லையே இல்லை. தகட்டில் ஒரு நெளிவு இருந்தாலும் பளபளப்பு அதைக் காட்டிக் கொடுக்கும், குரோம் பூச்சு வேறு கேட்கும். வெயிலிலும் மழையிலும் நின்று தேய்ந்த தோற்றம் போதும் என்றால் சாதாரண எனாமலும் ஒரு ஃபோம் ரோலரும் போதும். சின்னச் சின்ன நெளிவுகள்கூட அழகாகிவிடும். ஆனால் உடம்பெங்கும் ஒரே அளவில் தேய்த்துத் துரு நிறம் தெளித்தால் அரிதாரம் பூசியதுபோல நிற்கும். கை படும் இடம், ஹோஸ் உரசும் இடம், செருப்பு இடிக்கும் இடம், தண்ணீர் தேங்கும் இடம், வெயில் விழும் பக்கம் என்று தேய்மானத்துக்கு முகவரி உண்டு. பெயின்ட் டப்பாவைத் திறக்கும் முன் ஹோஸையும் நாசிலையும் ஒரு தடவை மாட்டிப் பார்த்து, அவை உரசும் இடங்களைப் படம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். முழு வேலைக்கும் அந்தப் படம்தான் வரைபடம்.

இங்கே சொல்வது 1930களிலிருந்து வந்த, எண் சக்கரங்கள் சுழன்று தொகையைக் காட்டும் மின்சார பம்புகளைப் பற்றி. கண்ணாடி உருளை வைத்த அதற்கு முந்தைய வகைக்கும் பெயின்ட் வேலை இதேதான்.

முதல் வேலை பெட்ரோலை ஒழிப்பது. ஓடி எத்தனை வருடம் ஆகியிருந்தாலும் மீட்டர், வடிகட்டிக் கிண்ணம், ஹோஸ் மூன்றிலும் மிச்சம் இருக்கும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, பம்பின் வெளித்தகடான கூட்டின் அடியில்தான் தங்கும். மிச்சத்தை உலோகக் கேனில் வடித்து, உள்ளே பெட்ரோலை இழுக்கும் பம்பையும் மீட்டரையும் கழற்றி வெளியே எடுத்து, கூட்டைச் சில நாள் திறந்த வெளியில் ஆறவிட்ட பிறகுதான் கிரைண்டரோ வெல்டிங்கோ. பார்வைக்கு மட்டும் வைப்பதானால் அந்த உள்பாகங்களைத் திரும்ப மாட்ட வேண்டியதில்லை. ஆனால் எடை போனதும் கூடு தலைகனத்துச் சாயும் என்பதால், அடித்தட்டை அகலமான பலகையில் போல்ட் போட்டு இறுக்க வேண்டும்.

அடுத்த ஆபத்து ஈயம். 1923 முதல் பெட்ரோலிலேயே ஈயம் கலந்து விற்றார்கள். பழைய சிவப்பு பிரைமரிலும் மஞ்சள் பெயின்டிலும்கூட ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். அதனால் உலர்வாகத் தேய்க்கவே கூடாது. ஹீட் கன்னும் வேண்டாம். தண்ணீர் தொட்டு உப்புத்தாளால் தேய்த்து, சேறாக வருவதை ஈரத்துணியில் துடைத்துப் பையில் கட்டிவிட வேண்டும். முகத்துக்குத் துணி மாஸ்க் உதவாது. நுண்தூசியையும் பிடிக்கும் பி100 வடிகட்டி பொருத்திய ரப்பர் மாஸ்க் வேண்டும்.

கழற்றும்போது துருப்பிடித்த திருகுதான் பொறுமையைச் சோதிக்கும். ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலும் அசிட்டோனும் சரிபாதி கலந்த கலவை நன்றாக ஊடுருவும். இரண்டும் தானாகப் பிரிந்துவிடும், ஒவ்வொரு முறையும் குலுக்கித்தான் விட வேண்டும். ஒரு ராத்திரி ஊறவிட்டு, அடித்தால் திருகைத் திருப்பும் இம்பாக்ட் டிரைவரை வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினால் பெரும்பாலும் இளகும்.

கழற்றிய ஒவ்வொன்றிலும் காந்தத்தை வைத்துப் பார்க்க வேண்டும். இந்த ஒரு சோதனையைத் தவிர்த்து நல்ல பாகங்களைக் கெடுத்துக்கொள்பவர்கள் அதிகம். ஒட்டினால் இரும்பு. ஒட்டாவிட்டால் அலுமினியம், பித்தளை, அல்லது துத்தநாக வார்ப்பு. டயல் சட்டமும் நாசில் தொங்கும் கொக்கியும் பல பம்புகளில் துத்தநாக வார்ப்புதான். வினிகர் அதை அரிக்கும், சலவைச் சோடா அலுமினியத்தை அரிக்கும். ஒட்டாதவற்றுக்குச் சோப்புத் தண்ணீரும் மென்மையான பிரஷும் போதும். டயல் முகப்பில் தின்னர் பட்டால் எண்கள் துணியோடு வந்துவிடும்.

சின்ன இரும்புப் பாகங்களின் துருவை எடுக்க மின்பகுப்பு, அதாவது தண்ணீரில் மின்சாரம் பாய்ச்சும் முறை. பிளாஸ்டிக் தொட்டியில் 4 லிட்டர் தண்ணீருக்கு 1 மேசைக்கரண்டி சலவைச் சோடா, 12 வோல்ட் பேட்டரி சார்ஜர். நெகட்டிவ் பாகத்துக்கு, பாசிட்டிவ் பழைய இரும்புத் துண்டுக்கு. மாற்றிக் கொடுத்தால் பாகமே கரையும். அந்தத் துண்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கவே கூடாது, நச்சான குரோமியம் தண்ணீரில் இறங்கும். ஹைட்ரஜன் வாயு வருவதால் திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும், சார்ஜரை அணைத்த பிறகே கிளிப்பைத் தொட வேண்டும். புதிய வகைத் தானியங்கி சார்ஜர்கள் எதிரில் பேட்டரி இல்லை என்று நினைத்து ஓடாது. பழைய வகைதான் சரி.

பெரிய தகடுகளுக்கு வினிகரில் நனைத்த துணியைப் போர்த்தி, மேலே பிளாஸ்டிக் தாளால் மூடி ஒரு ராத்திரி விட்டால் போதும். காலையில் ஆப்பச் சோடா கரைத்த தண்ணீரில் கழுவி, உடனே துடைத்துக் காயவைத்து, அன்றே பிரைமர் அடித்துவிட வேண்டும். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் மெல்லிய ஆரஞ்சுத் துரு திரும்ப வந்து நிற்கும். ஒன்று மட்டும் யோசிக்க வேண்டும்: அசல் பெயின்டில் பாதிக்கு மேல் உறுதியாக ஒட்டியிருந்தால் அதைச் சுரண்டுவது பாவம். உரிந்த இடத்தை மட்டும் நிறம் சேர்த்து ஒட்டவைத்தால் போதும்.

கூடு அரித்துப் போவது பெரும்பாலும் அடிப்பக்கம்தான். ஓட்டை தெரியும் எல்லையைத் தாண்டி, தகடு உறுதியாக இருக்கும் இடம்வரை வெட்டி எடுத்து, 1.2 மி.மீ. தகட்டை வைத்து 25 மி.மீ.க்கு ஒரு புள்ளியாக, இடம் மாற்றி மாற்றி வெல்டு வைக்க வேண்டும். ஒரே ஓட்டமாக வைத்தால் தகடு சூட்டில் நெளியும். பட்டி 3 மி.மீ. தடிமனைத் தாண்டக் கூடாது, அதை இறுகவைக்கும் ஹார்டனர் 2 சதவீதம் போதும். சீக்கிரம் காயட்டும் என்று கூடுதலாகப் போட்டால் பின்னால் பெயின்டைத் தாண்டி மஞ்சள் கறை மேலே வரும். அடியில் 8 மி.மீ. ஓட்டை நான்கு போட்டுவிட்டால் தண்ணீர் தேங்காது.

இனி பெயின்ட். நாலு பக்கமும் சேர்த்து வெளிப்பரப்பு ஏறக்குறைய 3.5 முதல் 4 சதுர மீட்டர். ரெட் ஆக்சைடு பிரைமர் 1 லிட்டர், மேல் நிற எனாமல் 1 லிட்டர், அடி நிறத்துக்கு 250 மி.லி. இருந்தால் இரண்டு கோட்டுக்கும் தாராளம். 10 சதவீதம் தின்னர் கலந்து உருட்ட வேண்டும். ரோலர் விடும் ஆரஞ்சுத் தோல் போன்ற புள்ளிகள் கடைசியில் தேய்ப்பில் போய்விடும் என்பதால் ஸ்பிரே டப்பாக்களை வாங்கிக் குவிக்கத் தேவையில்லை.

பிரைமர் இரண்டு கோட் காய்ந்ததும், தேய்மான இடங்களில் மட்டும் அடர் பழுப்பும் கொஞ்சம் ஆரஞ்சும் ஸ்பாஞ்சால் ஒற்ற வேண்டும். அதன்மேல் அதே இடங்களில் வேறொரு நிறம், அதுதான் அடி நிறம். பெட்ரோல் நிலையம் கம்பெனி மாறும்போது பம்புக்கும் நிறம் மாற்றி அடித்தார்கள். பெயர்ந்த இடத்தின் ஓரத்தில் எட்டிப் பார்க்கும் அந்தப் பழைய நிறம்தான் பார்ப்பவரை நம்பவைக்கும். உடம்பு முழுவதும் அதை அடிக்க வேண்டியதில்லை, 250 மி.லி. போதும் என்றது அதனால்தான்.

பெயர வேண்டிய இடத்தில் வாசலினை விரல் நுனியால் மெல்லியதாகத் தடவி, கூரிய விளிம்புகளில் மெழுகுவர்த்தியைத் தேய்த்து, அதன்மேல் மேல் நிறத்தை உருட்ட வேண்டும். தொட்டால் ஒட்டாத பதம் வந்ததும், ஏறத்தாழ 6 முதல் 8 மணி நேரத்தில், மழுங்கிய சுரண்டியால் நெம்பினால் பொருக்காகப் பெயரும். முந்தினால் பெயின்ட் இழுபடும், மறுநாள் வரை விட்டால் இறுகிவிடும். ஹேர் ஸ்பிரே வைத்துப் பெயர்க்கும் முறை நீர் கலந்த அக்ரிலிக்குக்குத்தான் பலிக்கும். எனாமலைத் தாண்டித் தண்ணீர் உள்ளே போகாது. உப்பு தூவிப் பெயர்க்கும் முறையும் உண்டு. இரும்பின்மேல் அது வேண்டாம், ஒட்டியிருக்கும் உப்பு ஈரத்தை இழுத்துச் சில மாதத்தில் கொப்புளம் கட்டும். இந்த வேலையில் உப்பு என்பது உப்புத்தாளின் பெயரோடு நிற்கட்டும்.

ஒரு வாரம் காயவிட்டு, வாசலின் மிச்சத்தைச் சோப்புத் தண்ணீரில் கழுவிய பிறகு தேய்ப்பு. பெயின்ட் இறுகாமல் தேய்த்தால் தாளில் உருண்டை உருண்டையாக ஒட்டும். கை படும் இடத்தில் நடுவில் 220 எண் உப்புத்தாள், சுற்றி அதைவிட நைசான 400 என்று தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் பழுப்பு, அடி நிறம், மேல் நிறம் என்று வளையம் வளையமாக விரியும். அங்கே எல்லைக்கோடு மென்மையாக இருக்கும். செருப்பும் வண்டியும் இடிக்கும் கீழ் 15 செ.மீ.யில் எல்லை கூர்மையாக இருக்க வேண்டும். நாசில் கொக்கிக்குக் கீழே பெட்ரோல் சொட்டியதுபோல ஒரு மெலிந்த பட்டை, பூட்டைச் சுற்றி ஒரு தேய்வு, ஹோஸ் ஆடும் வழியில் ஒரு வில்.

வெயில் பக்கம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அங்கே மட்டும் நிறத்தை வெளுக்கவிட வேண்டும். மேல் நிறத்தோடு வெள்ளை சேர்த்த அக்ரிலிக் 1 பங்குக்குத் தண்ணீர் 8 பங்கு. தடவி உடனே துடைத்தால் சுண்ணாம்பு பூத்ததுபோல இருக்கும். டயல் சட்டத்தின் கீழ் நிழல் விழும் இடத்தைத் தொடக் கூடாது, அசல் பம்பிலும் அங்கே நிறம் அப்படியே இருக்கும். துரு ஒழுகலுக்குப் பழுப்பும் ஆரஞ்சும் கலந்து 6 பங்கு தண்ணீர், ஒரு சொட்டுச் சோப்பு. திருகு, இணைப்பு இரண்டிலிருந்து மட்டுமே தொடங்கி, கீழே போகப்போக மெலியும்படி ஈரப் பிரஷால் இழுக்க வேண்டும். கறுப்பு சேர்த்தால் அழுக்காகத் தெரியுமே தவிர வயது தெரியாது. ஸ்டிக்கரைத் தேய்ப்புக்கு முன்பே ஒட்டி, கூட்டோடு சேர்த்தே தேய்த்துவிடலாம்.

மேலே மேட் கிளியர், அதாவது பளபளக்காத நிறமற்ற பூச்சு, இரண்டு மெல்லிய கோட். மேட் பொடி அடியில் தங்கும், நன்றாகக் கலக்காவிட்டால் ஒரு இடம் மின்னும், ஒரு இடம் பால் படிந்ததுபோல வெளுக்கும். லாக்கர் வகைக் கிளியர் எனாமலைச் சுருட்டிவிடும். நீர் வகைதான் பாதுகாப்பு. அதற்கு முன் கதவின் உட்புறத்தில் ஒரு கை அடித்துப் பார்க்க வேண்டும். கிளியர் பட்டதும் சுண்ணாம்பு வெளிறல் கொஞ்சம் மறையும். வீட்டுக்குள் நிற்கும் பம்பு என்றால் கிளியரே வேண்டாம், மெழுகு போதும்.

உச்சியில் விளக்கு எரிய வேண்டுமானால் பழைய ஒயரை முழுதும் எடுத்துவிட்டு மூன்று கம்பி கேபிள் போட்டு, எர்த்தை உலோகக் கூட்டில் திருகிவிட வேண்டும். குண்டு பல்பின் சூடு பழைய கண்ணாடிக்கு ஆகாது, எல்இடி போடலாம். ஹோஸ் புதிதாக வாங்கியிருந்தால் 120 தாளால் தேய்த்துச் சாம்பல் நிறக் கரைசலைத் துடைத்துவிட்டால் பம்போடு சேர்ந்துபோகும். புது ரப்பரிலிருந்து கசியும் எண்ணெய்ப்பசை பெயின்டை இளக்கி ஒட்டிக்கொள்ளும் என்பதால், ஹோஸ் கூட்டைத் தொடும் இடத்தில் மட்டும் வெளியே தெரியாதபடி ஒரு துண்டு கம்பளித் துணியைச் சொருகி வைக்க வேண்டும்.