சட்டையைக் கழற்றுங்க

ஜூன் 14, 2025, சனி

அக்கா போன் பண்ணினாள். ஆவணியில் திருச்செந்தூரில் வைத்துக் குட்டிக்குக் காது குத்து. "தாய்மாமன் மடியிலதான் உக்காரணும், வேற யாரு இருக்கா?" என்றாள். சரி என்றேன். அதற்கு அப்புறம் மதியச் சாப்பாடு இறங்கவில்லை.

ஜூன் 15

அந்தக் கோயிலுக்குள் ஆம்பிளைகள் சட்டையோடு போக முடியாது. எனக்கு நெஞ்சு பெண்களுக்கு மாதிரி பெருத்திருக்கிறது. கடைசியாகப் போனது பிளஸ் டூ ரிசல்ட் வந்த சமயம். துண்டைக் கழுத்தில் போட்டு முன்னால் தொங்கவிட்டு, கூப்பிய கையை நெஞ்சை விட்டு எடுக்காமலே வரிசை முழுக்க நின்றேன். பின்னால் நின்ற ஆச்சி, "பிள்ளைக்கு எம்புட்டு பக்தி" என்று அம்மாவிடம் சொன்னாள்.

ஜூன் 18

அண்ணா நகர்ப் பக்கம் ஒரு கிளினிக். டாக்டரைப் பார்க்கவில்லை; ஒரு கவுன்சிலர் பெண்தான் பேசினாள். முன்னால், பின்னால் என்று டேப்லெட்டில் படங்கள் காட்டினாள். பின்னால் எடுத்த படங்களில் எல்லாரும் நிமிர்ந்து நிற்கிறார்கள், லைட்டும் வேறு. குழாய் விட்டுக் கொழுப்பை உறிஞ்சுகிற லைப்போ மட்டும் போதும், தழும்பே வராது, ஒரே நாள், மறுநாள் ஆபீஸ் போகலாம். எண்பத்தைந்தாயிரம், அதற்கு மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. இன்றைக்கே முன்பணம் கட்டினால் தள்ளுபடி. என் நெஞ்சை யாரும் பார்க்கவில்லை. வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பினால் போதுமாம்.

எனக்கு அதுதான் பிடித்திருந்தது. சட்டையைக் கழற்றாமலே காரியம் முடிந்துவிடும்.

ஜூன் 19

ஆபரேஷன் செய்யப்போவது யார் என்று கேட்டேன். "எங்க டீம் டாக்டர்ஸ் சார்."

ஜூன் 21

விடாமல் கேட்டு ஒரு பெயரை வாங்கினேன். தேசிய மருத்துவ ஆணையத்தின் பதிவேட்டில் யாருடைய பெயரையும் போட்டுப் பார்க்கலாம். படிப்பு, முடித்த வருஷம், பல்கலைக்கழகம், மேற்படிப்பு எல்லாம் வரும். இவருக்கு எம்.பி.பி.எஸ். வந்தது. மேற்படிப்புக்கான இடம் காலி. கிளினிக் போர்டில் 'காஸ்மெட்டிக் சர்ஜன்' என்று இருக்கிறது. பிளாஸ்டிக் சர்ஜன் என்றால் எம்.பி.பி.எஸ். ஐந்தரை வருஷம், எம்.எஸ். மூன்று, அதற்கு மேல் எம்.சிஎச். மூன்று. டி.என்.பி. என்கிற தேசிய வாரியப் படிப்பு வழியாகவும் வரலாம். தோல் டாக்டர்களிலும் முறையாகப் பயிற்சி எடுத்து லைப்போ செய்கிறவர்கள் உண்டு. இந்த மனிதர் இரண்டிலும் இல்லை. சுவரில் மட்டும் ஆறேழு சர்டிபிகேட். படித்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும், எல்லாம் இரண்டு நாள் மூன்று நாள் பட்டறைகளாக இருக்கும்.

ஜூன் 22

வெயில். உள்ளே இரண்டு பனியன்.

ஜூன் 27, ராத்திரி இரண்டு மணி

படிக்கக் கூடாததை எல்லாம் படித்துவிட்டேன். ஆர்த்தி அகர்வால், தமிழிலும் நடித்தவர். 2015 ஜூனில் நியூ ஜெர்சியில் இறந்தபோது 31 வயது. சில வாரத்துக்கு முன்னால் லைப்போ செய்திருந்தாராம். சாவுக்குக் காரணம் அதுதானா என்பது வேறு விஷயம். சேத்தனா ராஜ், கன்னட சீரியல் நடிகை, பெங்களூரு, 2022 மே. 21 வயது. கொழுப்பெடுக்கப் போன இடம். வீட்டில்கூடச் சொல்லாமல் போயிருந்தாள் என்று செய்தியில் இருந்தது. அந்த வரியில் நின்றுவிட்டேன். நானும் யாரிடமும் சொல்லவில்லை.

அப்புறம் மருந்துக் கணக்கு. மரத்துப்போக வைக்கும் லிடோகெய்ன், அட்ரினலின் கலந்து கொடுத்தால் சாதாரணமாகக் கிலோவுக்கு 7 மில்லிகிராம்தான். லைப்போவில் 35 வரை போகலாமாம். அமெரிக்காவில் கிளைன் என்ற தோல் டாக்டர் 1987-ல் எழுதிய முறை. மருந்தைச் சலைனில் நிறையத் தண்ணியாக்கிக் கொழுப்புக்குள் ஏற்றுவார்கள். ரத்தக் குழாய் சுருங்கும், மருந்து மெதுவாகத்தான் ரத்தத்துக்கு வரும். நான் 74 கிலோ. 518 மில்லிகிராம் எங்கே, 2,590 எங்கே! தூக்கத்தைக் கெடுத்தது அதற்கு அடுத்த வரி. ரத்தத்தில் மருந்து உச்சத்துக்கு வருவது பத்துப் பன்னிரண்டு மணி நேரம் கழித்துத்தானாம். அதாவது 'ஒரே நாள்' என்று வீட்டுக்கு அனுப்பிய பிறகு. ரூமில் நான். ரூம்மேட்டுக்கு நைட் ஷிப்ட்.

மயக்க மருந்து டாக்டர் யார் என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேனா? கேட்கவில்லை. அப்படி ஒருவர் வேண்டும் என்றே தோன்றவில்லை.

ஜூலை 2

இன்சூரன்ஸ் கிடையாது. 'அழகு சார்ந்த சிகிச்சை.' ஒன்பதாம் வகுப்பில் ஸ்கூல் பையை முதுகில் மாட்டாமல் முன்னால் மாட்டிக்கொண்டு போனேனே, அதுவும் அழகுக்காகத்தான்.

ஜூலை 5

ரூம்மேட்டின் மச்சானுக்கு அம்பத்தூரில் லேத்தில் விரல் சிக்கி, ஸ்டான்லியில் ஒட்டவைத்தார்கள். கை ஆபரேஷனுக்கு அந்த பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவுதான் என்று ஊரே சொல்லும். அங்கே படித்துவிட்டு இப்போது தனியாகப் பார்க்கிற ஒருவரிடம் இன்று போனேன். பதிவேட்டில் எம்.சிஎச். இருக்கிறது. பிளாஸ்டிக் சர்ஜன்களின் அகில இந்தியச் சங்கப் பட்டியலிலும் பெயர் இருக்கிறது.

"சட்டையைக் கழற்றுங்க." வேறு பேச்சே இல்லை. கழற்றினேன். கையைத் தூக்கச் சொன்னார், இறக்கச் சொன்னார். இரண்டு விரலால் காம்புக்குக் கீழே பிடித்துப் பார்த்தார். ரப்பர் போல ஒரு வில்லை தட்டுப்படுகிறது. என் விரலையும் வைத்துக் காட்டினார். "இது கொழுப்பில்ல தம்பி, சுரப்பி. குழாய் விட்டு உறிஞ்சினா சுத்தியிருக்கிற கொழுப்பு வரும், இது வராது. காம்போட கறுப்பு வட்டத்து ஓரத்துல கீறி எடுக்கணும். தழும்பு இருக்கும். போகப் போக மங்கும், மறையாது."

கேள்வி மேல் கேள்வி. ஜிம்மில் ஊசி போட்டேனா, முடி கொட்டாமலிருக்க மாத்திரை சாப்பிட்டேனா, டி.பி.க்கு மருந்து எடுத்தேனா, தைராய்டு உண்டா. தோளில் பி.சி.ஜி. தழும்பைத் தடவிப் பார்த்தார், தழும்பு தடிக்கிற உடம்பா என்று. "சின்ன வயசுல காது குத்தின இடம் தடிச்சுதா?" என்றார். சிரிப்பு வந்துவிட்டது. ஏன் என்று அவருக்குத் தெரியாது.

அப்புறம் விதைகளையும் பார்க்க வேண்டும் என்றார். அங்கே கட்டி இருந்தாலும் நெஞ்சு இப்படி வளருமாம். ரத்தப் பரிசோதனை ஒரு நீளப் பட்டியல், இரண்டு ஸ்கேன். "ரிப்போர்ட் வரட்டும், பேசலாம். நடுவுல வேண்டாம்னு தோணினா அதுவும் சரி. இதோட நூறு வருஷம் வாழலாம்."

ஜூலை 7

திருச்செந்தூரில் கும்பாபிஷேகம். அம்மா டி.வி.யில் பார்த்துவிட்டுப் பேசினாள். "கூட்டத்தப் பாத்தியாய்யா? நீ நிமிந்து நடக்கியா, இல்ல இன்னும் கூன் போட்டுத்தானா?"

ஜூலை 9

பழைய கிளினிக்கிலிருந்து மெசேஜ். ஆஃபர் இன்று இரவு வரை.

ஜூலை 12

டெஸ்டோஸ்டிரோன், எஸ்ட்ரடையால், புரோலாக்டின், தைராய்டு, ஈரல் எல்லாம் வந்துவிட்டது. பீட்டா எச்.சி.ஜி. மட்டும் வரவில்லை. கட்டி இருந்தால் கூடுகிறது அதுதான். லேபுக்கு போன் போட்டால் "சாயங்காலம் சார்" என்கிறான். சாயங்காலம் "நாளைக்கு சார்". பெண்களுக்குக் கர்ப்பம் பார்க்கிற டெஸ்டும் இதுதான். ஸ்கூலில் என்னை 'ஆன்ட்டி' என்று கூப்பிட்டவன் இதைக் கேட்டால் ஒரு வாரம் சிரிப்பான்.

ஜூலை 15

எல்லாம் நார்மல். ஸ்கேனில் இரண்டு பக்கமும் சுரப்பி, இடது கொஞ்சம் பெரிது. கீழே கட்டி எதுவும் இல்லை.

ஜூலை 19

கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டு போனேன். முதல் கேள்வி மயக்க மருந்து. தனியாக ஒரு டாக்டர் வருவார், ஆபரேஷன் முடிந்து நான் தெளிகிற வரை பக்கத்தில் இருப்பார், அன்று ராத்திரி ஆஸ்பத்திரியில்தான் தங்க வேண்டும். பெயர் கேட்டேன். தேதி முடிவானதும் சொல்கிறேன் என்றார்.

எத்தனை லிட்டர்? சிரித்தார். ஐந்து லிட்டருக்கு மேல் போனால்தான் பெரிய லைப்போ என்று கணக்கு, உங்களுக்கு ஒரு லிட்டரைத் தொடாது என்றார். ராத்திரியில் உள்ளே ரத்தம் கட்டினால்? மறுபடி திறந்து எடுக்க வேண்டும், அதற்கு அவரே வருவார். காம்பு மரத்துப்போகலாம், பெரும்பாலும் திரும்பிவிடும். இரண்டு பக்கமும் அச்சுப் பிசகாமல் ஒன்றாக வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். சுரப்பியை ஒட்டச் சுரண்டினால் காம்பு உள்வாங்கிக் குழி விழும், அதனால் கொஞ்சம் விட்டுத்தான் எடுப்பார். எடுத்தது பயாப்சிக்குப் போகும். ஆஸ்பத்திரிக்கு 1997-ம் வருஷத்து மருத்துவ நிலையங்கள் சட்டப் பதிவு இருக்கிறதா என்றும் கேட்டேன். வரவேற்பறைச் சுவரைக் காட்டினார். அங்கே மாட்டியிருக்கிறது.

கேட்காமலே இன்னொன்றும் காட்டினார். அவர் செய்து குழி விழுந்த ஒரு நெஞ்சின் படம். பிறகு சரி செய்ததையும் காட்டினார். அந்தப் படத்துக்கு அப்புறம் தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டேன்.

கடைசியில் காது குத்து. இறுக்கமான கம்ப்ரஷன் வெஸ்டை ஆறு வாரம் ராப்பகலாகப் போட வேண்டும், வீக்கம் வடிந்து வடிவம் தெரிய மூன்று மாதத்துக்கு மேல். "அந்த ஒரு நாளுக்காகன்னா இப்ப செய்யாதீங்க."

ஜூலை 20

அவர் மேல் கோபம். அக்கா மேல் கோபம். பழநியில் கோவணத்தோடு நிற்கிறவனுக்கு இதெல்லாம் எங்கே புரியப் போகிறது.

ஜூலை 26

அக்காவிடம் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "அதுக்குத்தான் தாமிரபரணியிலயும் சட்டையோட குளிச்சியாடா?" என்றாள். போனை அத்தான் வாங்கினார். "செலவுக்கு இருக்கா மாப்ள? ராத்திரிக்கு நான் வந்து இருக்கேன்." வேறு எதுவும் கேட்கவில்லை. அம்மாவுக்குச் சொல்ல வேண்டாம் என்று மூவரும் முடிவு.

ஆகஸ்ட் 3

தேதி புரட்டாசியில். காது குத்துக்கு அப்புறம்.

செப்டம்பர் 4

குட்டி ஊரே கேட்கக் கத்தினான். கத்தி முடித்துவிட்டு என் வெறும் நெஞ்சில் மூக்கைத் துடைத்தான். போட்டோகிராபர் "மாமா, கொஞ்சம் நிமிந்து உக்காருங்க" என்று மூன்று தடவை சொன்னான். பெரியப்பா பார்த்தார், பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டார். துண்டு கொண்டு போயிருந்தேன், குட்டியின் சந்தனத் தலையைத் துடைக்க ஆகிவிட்டது.

செப்டம்பர் 6

போட்டோக்கள் வந்தன. தேதியை மாற்றவில்லை.

செப்டம்பர் 17

மயக்க மருந்து டாக்டர் பெயர் அனுப்பினார்கள். பதிவேட்டில் போட்டேன். எம்.டி. அனஸ்தீசியா, 2009. ஒருமுறை பார்த்தது போதாமல் எழுத்துப் பிழை இருக்குமோ என்று மறுபடி பார்த்தேன். அவர்தான்.

செப்டம்பர் 20

அத்தானுக்கு நெல்லை எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட்டாச்சு. வெஸ்ட் இரண்டு வாங்கி வைக்கச் சொன்னார்கள், மாற்றிப் போட. மீடியம் ஒன்றுதான் இருந்தது. இன்னொன்று திங்கட்கிழமை வருமாம்.