விடுங்கண்ணே

"நல்ல தண்ணிய கொஞ்சம் கலந்து விட்டுடவா சார்?"

அன்றிரவு எங்கள் ஆலையின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலைய (ஈ.டி.பி.) ஆபரேட்டர் அண்ணன் போனில் கேட்டது இவ்வளவுதான். "விடுங்கண்ணே" என்றேன். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே மூச்சு விடும் நேரம்கூட இல்லை. யோசித்திருந்தால் அவ்வளவு சீக்கிரம் பதில் வந்திருக்காது.

கழிவுநீருக்குள் காற்றைச் செலுத்தும் புளோயர் நின்று நான்கு மணி நேரம் ஆகியிருந்தது. காற்றூட்டும் தொட்டியில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவில் இருக்க வேண்டிய ஆக்சிஜன், ஏறக்குறைய இல்லை. கழிவைத் தின்று தீர்க்கும் நுண்ணுயிர்கள் மூச்சுமுட்டிக் கிடக்க, மேலே இருந்து கழிவு வந்துகொண்டே இருந்தது. உற்பத்தியை நிறுத்தும் அதிகாரம் எனக்கில்லை. வெளியே விடாவிட்டால் தொட்டி நிரம்பி, சுத்திகரிக்காத கழிவு மழைநீர்க் கால்வாய்க்குள் வழிந்திருக்கும். இன்றுவரை எனக்கு நானே சொல்லிக்கொள்வது இதைத்தான். பொய்யில்லை. ஆனால் மேலாளரை ஒரு போன் போட்டு எழுப்பியிருக்கலாமே? கோபப்பட்டிருப்பார், அவ்வளவுதானே.

காலையில், தண்ணீரில் எவ்வளவு மாசு என்று காட்டும் சி.ஓ.டி. அளவு வரம்புக்குள் வந்தது. பதிவேட்டில் ஒரு எண்ணையும் நான் திருத்தவில்லை. லிட்டருக்கு 400 மில்லிகிராம் உள்ள கழிவில் அதே அளவு நல்ல தண்ணீரைச் சேர்த்தால் 200 என்று காட்டும். ஒரு லிட்டர் இரண்டு லிட்டர் ஆகியிருக்கும். ஆற்றுக்குப் போகும் மாசு ஒரு மில்லிகிராமும் குறையாது, நல்ல தண்ணீரும் வீண். பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுவதே நான்தான்.

அது கோடை வேறு. 20 டிகிரியில் தண்ணீர் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்து வைத்திருக்கும்; 30 டிகிரியில் ஏழரைதான். ஏற்கெனவே திணறும் ஆற்றில் நம் கழிவும் சேர்ந்து மிச்சத்தை உறிஞ்சும். கழிவைத் தின்ன நுண்ணுயிர்களுக்கு எவ்வளவு ஆக்சிஜன் தேவை என்று அளக்கும் பி.ஓ.டி. சோதனையின் முடிவு வர 5 நாள். அதற்குள் அந்தத் தண்ணீர் எங்கோ போயிருக்கும். மீன் மிதந்ததாக யாரும் சொல்லவில்லை. நான் போய்ப் பார்க்கவும் இல்லை.

பணி ஓய்வு பெறும் அன்று அண்ணன் தானாகவே அந்தப் பேச்சை எடுத்தார். "கேக்காம திறந்துவிட எனக்குத் தெரியாதா சார்? நீங்க வேணாம்பீங்கன்னுதான் கேட்டேன்." என்னால் ஒன்றும் சொல்ல முடியவில்லை.

பிறகு நிறைய செய்தோம். மாற்று புளோயர் வந்தது. ஏறி இறங்கி வரும் கழிவைத் தேக்கிச் சீராக அனுப்பப் பெரிய சமன் தொட்டி கட்டினோம். உற்பத்திப் பிரிவில் கடைசித் தொட்டியில் பொருளை அலசிய தண்ணீரையே முந்தைய அலசல் தொட்டிகளுக்குத் திருப்பிவிட்டு, கழிவு உருவாகும் இடத்திலேயே குறைத்தோம். வந்த பிறகு சுத்தம் செய்வதைவிட வராமல் தடுப்பதுதான் சரியான வழி என்பதை இப்போது எந்தக் கூட்டத்திலும் அடித்துச் சொல்கிறேன். எல்லாம் அந்த இரவால் நடந்தவை என்று நம்பத்தான் ஆசை.

ஆனால் மாற்று புளோயர் கேட்டு நான் எழுதிய விண்ணப்பம் கோப்பில் இருக்கிறது. காரணம் என்ற இடத்தில் 'பராமரிப்பு வசதிக்காக' என்று இருக்கிறது. என் கையெழுத்துதான்.