நூறு வருஷம் வடிகால் போட்டும் சதுப்பு மண்தானா? ஹாய்ட்வில் மண்ணைத் தோண்டிப் பார்த்த அனுபவம்

வடமேற்கு ஒஹாயோவில், வுட் கவுண்டியில், எங்கள் வீட்டுக் கொல்லையில் இருப்பது ஹாய்ட்வில் மண். அமெரிக்க விவசாயத் துறையின் மண் வரைபடம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. முகவரியைப் போட்டால் உங்கள் காலடியில் இருக்கும் மண்ணின் பெயர் வந்துவிடும். எங்கள் மண்ணுக்கு நேரே "நீர் வடிவது மிக மோசம்" என்று போட்டிருந்தது. ஆனால் குடியிருப்பு வருவதற்கு முன் இந்த மனை மக்காச்சோள வயல். வயலுக்கு அடியில் நூறு வருஷத்துக்கு மேலாக வடிகால் குழாய் தண்ணீரை இழுத்துக்கொண்டிருக்கிறது. அப்படியானால் அந்தப் பெயர் சொல்லும் ஈரம் இன்னும் மண்ணில் இருக்கிறதா, இல்லை பழைய கதையா? போன இலையுதிர் காலத்தில் இந்தக் கேள்வி பிடித்துக்கொண்டது. இதுவரை செய்து பார்த்ததை எழுதிவைக்கிறேன்.

முதல் வேலை குழி. இங்கே மண்வெட்டி எடுக்கும் முன் 811க்கு அழைத்துச் சொல்ல வேண்டும். எரிவாயுக் குழாயும் மின்கம்பியும் போகும் இடத்தைப் பெயின்ட்டால் குறித்துவிட்டுப் போவார்கள். வீட்டை ஒட்டிய மண் கட்டுமானத்தின்போது புரட்டிப் போட்டது, அதை நம்ப முடியாது. அதனால் மனையின் கடைசி மூலையில், உழவு மட்டுமே பார்த்த இடத்தில் தோண்டினேன். செப்டம்பர் கடைசிதான் இதற்குச் சரியான நேரம். வசந்தத்தில் இந்த மண் மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு விடாது.

மேலே சுமார் 22 செ.மீ. வரை கருமண். ஈரமாக இருக்கும்போது கிட்டத்தட்டக் கறுப்பு, கையில் பிசைந்தால் பொலபொலவென்று உதிரும். அதற்குக் கீழே கோடு போட்டதுபோல் நிறம் மாறுகிறது. அந்தக் கோடு ஏர் இறங்கிய ஆழம். கோட்டுக்குக் கீழே சாம்பல் நிறக் களி, மூலை மூலையாக உடையும் கட்டிகள். ஒரு கட்டியைப் பிளந்தால் உள்ளே சாம்பல் நடுவில் துரு நிறப் புள்ளிகள். பழைய வேர் போன துவாரங்களைச் சுற்றி மெல்லிய ஆரஞ்சு வளையம். வேர் வழியாகக் காற்று இறங்கிய இடத்தில் மட்டும் இரும்பு துருப்பிடித்து நின்றுவிட்டது, மற்ற இடத்தில் கரைந்து போய்விட்டது. நண்பரிடம் மன்செல் நிற அட்டைப் புத்தகம் இரவல் வாங்கி ஒப்பிட்டேன். சாம்பல் பகுதி 10ஒய்ஆர் 4/1க்கும் 4/2க்கும் நடுவே நின்றது. கடைசி எண் நிறத்தின் செறிவு. அது 2க்குள் இருந்தால் நீர் தேங்கிய அடையாளமாக எடுத்துக்கொள்கிறார்கள்.

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று கழுத்தில் தொங்கவிட்டிருந்தேன். சாம்பல் கட்டியின் முகத்தை வெயிலில் சாய்த்துப் பார்த்தபோது மெழுகு பூசியது மாதிரி ஒரு பளபளப்பு. மேலேயிருந்து மழைநீரோடு இறங்கிய நுண்களி, கட்டிகளின் முகத்தில் படலமாகப் படிந்திருக்கிறது. இந்தப் படலம் இருப்பதால்தான் இந்த மண், அமெரிக்க வகைப்பாட்டின் பெரும்பிரிவுகளில் ஒன்றான ஆல்ஃபிசால் வரிசையில் சேர்கிறது. படத்தில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். என் கொல்லை மண்ணில் அதைக் கண்ணால் பார்த்ததும் குழியை விட்டு வெளியே வர மனசு வரவில்லை.

ஒரு மீட்டருக்குக் கீழே மண்துளைப்பானைப் போட்டேன். அங்கே வந்தது கெட்டியான, பழுப்பும் சாம்பலும் கலந்த களி, நடுநடுவே கூழாங்கல். நீர்த்த அமிலம் இரண்டு சொட்டு விட்டதும் நுரைத்தது, சுண்ணாம்பு இருப்பதன் அடையாளம் அது. மேல்மண் அதே அமிலத்துக்கு அசையவே இல்லை. கற்களைக் கழுவி வரிசையாக வைத்தேன்: சுண்ணாம்புக்கல், டோலமைட், கறுப்பு ஷேல், அப்புறம் இளஞ்சிவப்புக் கிரானைட் ஒன்று. முதல் மூன்றும் இந்தப் பக்கத்துப் பாறைகள். கிரானைட் இந்தப் பகுதியில் தரைமட்டத்தில் எங்கும் கிடையாது, அது கனடாவிலிருந்து பனியாறு இழுத்து வந்தது. வழியில் கிடைத்த பாறையை எல்லாம் அரைத்துப் பனியாறு இங்கே கொட்டிவிட்டுப் பின்வாங்கியது. அப்புறம் அந்த இடத்தில் மாமீ ஏரி நின்றது. அது இன்றைய ஈரி ஏரிக்கு முன்னோடி. ஏரியின் அலைகள் மேடு பள்ளத்தை எல்லாம் சீவித் தட்டையாக்கின. அதனால்தான் இங்கே நிலம் இவ்வளவு சமதளம். விழும் மழைக்கு ஓடிப்போக இடமில்லை, கீழே இறங்கவும் கெட்டிக் களி விடாது.

களியின் அளவைத் தெரிந்துகொள்ள ஜாடிச் சோதனை செய்தேன். உலர்த்திப் பொடித்த மண்ணோடு தண்ணீரும், களித் துகள்களைப் பிரித்துவிடக் கொஞ்சம் சோடியம் ஹெக்ஸாமெட்டாபாஸ்பேட் உப்பும் போட்டு நன்றாகக் குலுக்கி வைக்க வேண்டும். ஒரு நிமிஷத்துக்குள் மணல் படியும், இரண்டு மணி நேரத்துக்குள் வண்டல், மிச்சம் களி. சாம்பல் அடுக்கில் களி நாற்பது சதவீதத்தை ஒட்டி வந்தது. வீட்டு ஜாடிக்கு ஐந்து சதவீதம் முன்பின் இருக்கும். விரல்களுக்கு நடுவே ஈர மண்ணைத் தள்ளினால் அறாமல் ஐந்து செ.மீ.க்கு மேல் நாடாவாக நீண்டது. இரண்டும் ஒத்துப்போகின்றன.

இப்போது அமெரிக்க மண் வகைப்பாட்டில் இதன் முழுப்பெயரைப் பார்க்கலாம்: ஃபைன், இல்லிட்டிக், மீசிக், மாலிக் எபிஅக்வால்ஃப்ஸ். ஒவ்வொரு துண்டும் குழியில் ஒரு இடத்தைக் காட்டுகிறது. ஃபைன் என்றால் களி 35க்கும் 60க்கும் இடையே, அதை ஜாடி சொன்னது. மீசிக் என்பது மண்ணின் வருட சராசரி வெப்பம் 8 முதல் 15 டிகிரி செல்சியஸ். மாலிக் துண்டுதான் எனக்கு மிகவும் பிடித்தது. மேலே அந்தக் கருமண் இருக்கிறது, ஆனால் மாலிசால் என்னும் புல்வெளிக் கருமண் வரிசையில் ஏறத் தடிமன் கொஞ்சம் போதவில்லை. அதனால் ஆல்ஃபிசாலிலேயே நிறுத்தி, கருமையை மட்டும் பெயரில் குறித்துவைக்கிறார்கள். இதே வட்டாரத்தில் உள்ள பீவாமோ மண் பார்க்க இதே மாதிரிதான், ஆனால் கருமண் தடிமன் போதுமென்பதால் அது மாலிசால்.

எபி என்பது தண்ணீர் மேலே தொங்கி நிற்பதைச் சொல்கிறது. இதை இரண்டு துளைக் குழாய் நட்டுப் பார்த்தேன். ஒன்று 60 செ.மீ. ஆழம், இன்னொன்று இரண்டு மீட்டர். ஆழக் குழாயின் பக்கவாட்டில் தண்ணீர் ஒழுகி இறங்காமல், நனைந்தால் வீங்கும் பென்டோனைட் களியைப் போட்டு அடைத்தேன். ஏப்ரல் மழைக்குப் பிறகு சின்னக் குழாயில் தரைக்கு ஒரு சாண் கீழே தண்ணீர் நின்றது, ஆழக் குழாயின் அடியில் வெறும் ஈரம்தான்.

இல்லிட்டிக் என்பது இல்லைட் என்ற களிக் கனிமத்தைச் சொல்கிறது. அதை மட்டும் வீட்டில் நிரூபிக்க முடியாது, எக்ஸ்கதிர்க் கருவி வேண்டும். ஆனால் இல்லைட்டின் குணத்தைப் பார்க்கலாம். பத்து செ.மீ. நீளத்துக்கு ஈர மண்ணை வார்த்துக் காயவைத்தேன், அரை செ.மீ.க்குக் கொஞ்சம் மேல் சுருங்கியது. நம் ஊர்க் கரிசலைப் பார்த்தவர்களுக்கு இது ரொம்பக் குறைவாகத் தெரியும். கரிசலில் இருப்பது ஸ்மெக்டைட் என்ற வேறு களிக் கனிமம், அது தண்ணீரை அடுக்குகளுக்குள் இழுத்து வீங்கும். இல்லைட்டின் அடுக்குகளைப் பொட்டாசியம் இறுக்கிப் பிடித்திருக்கிறது, அவ்வளவு வீங்காது.

சரி, என் கேள்விக்கு வருகிறேன். இவ்வளவு பார்த்தும் அதற்குப் பதில் கிடைக்கவில்லை. சாம்பல் நிறம் வர ஆயிரக்கணக்கான வருஷம் ஆகியிருக்கும், வடிகால் போட்டதும் அது மறைந்துவிடாது. பெயரில் ஈரத்தைச் சொல்லும் 'அக்வ' துண்டுக்கான வகைப்பாட்டு விதியும் இதைத் தெரிந்தே எழுதப்பட்டிருக்கிறது: நீர் தேங்க வேண்டும், அல்லது செயற்கை வடிகால் போட்டிருக்க வேண்டும். அதனால் குழாய் போட்ட மண்ணுக்கும் பழைய பெயரே நிற்கும். இந்தப் பகுதி முழுவதும் ஒரு காலத்தில் கிரேட் பிளாக் ஸ்வாம்ப் என்ற பெரிய சதுப்புக்காடு. 1859ல் ஒஹாயோ வாய்க்கால் சட்டம் கொண்டுவந்தது. 1890களில் பௌலிங் கிரீனைச் சேர்ந்த ஜேம்ஸ் ஹில் பள்ளம் வெட்டும் இயந்திரம் செய்தார். சுட்ட களிமண் குழாய்களை மைல் கணக்கில் புதைத்தார்கள். இன்று அந்த இடத்தில் துளையிட்ட பிளாஸ்டிக் குழாய் போடுகிறார்கள். இங்கே இதற்கு இன்றும் டைல் என்றுதான் பெயர்.

இன்றைய ஈரத்தைக் கேட்க ஐரிஸ் குழாய் என்று ஒரு முறை இருக்கிறது. இந்தியானாவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் 2000களின் தொடக்கத்தில் வந்தது. பிவிசி குழாயின்மேல் இரும்பு ஆக்சைடு பூச்சு பூசி மண்ணில் சொருக வேண்டும், அவ்வளவுதான். மண்ணில் தண்ணீர் நிறைந்து ஆக்சிஜன் தீர்ந்தால், நுண்ணுயிர்கள் முதலில் நைட்ரேட்டையும் அடுத்து மாங்கனீசையும் பயன்படுத்தும், பிறகுதான் இரும்புக்கு வரும். அப்போது துரு கரைந்து பூச்சு காணாமல் போகும். வெள்ளைக் குழாய் வெளியே தெரியும்.

பூச்சை வீட்டிலேயே செய்தேன். ஃபெரிக் குளோரைடு கரைசலில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, பிஹெச் 7.5ஐ ஒட்டி வரும்போது நிறுத்த வேண்டும். சிவப்புப் பழுப்புக் குழம்பு அடியில் தங்கும். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். குழம்பைச் சில நாள் சும்மா விடுவது முக்கியம். ஒரு பகுதி கோதைட் என்ற இரும்புக் கனிமமாக மாறினால்தான் பூச்சு குழாயில் ஒட்டும், இல்லாவிட்டால் விரல் பட்டாலே வந்துவிடும். உப்பு போகத் திரும்பத் திரும்பக் கழுவி, மணல்தாள் போட்டுத் தேய்த்த அரை அங்குலக் குழாய்களில் பூசிக் காயவைத்தேன்.

மண் வெப்பம் 5 டிகிரியைத் தாண்டியதும் இரண்டு இடத்தில் ஐந்தைந்தாக நட்டேன். ஒன்று குழி தோண்டிய தாழ்வான மூலை. இன்னொன்று டைல் போகும் கோட்டின்மேல். டைல் இருக்கும் இடத்தை அடுத்த வயல்காரப் பெரியவர் காட்டிக்கொடுத்தார்: மழை விட்டதும் முதலில் காயும் பட்டை எதுவோ, அதன் கீழேதான் குழாய் ஓடுகிறது. நான்கு வாரம் கழித்துப் பிடுங்கி, மெதுவாகக் கழுவி, கட்டம் போட்ட தெளிவான தாளைச் சுற்றி எண்ணினேன்.

மூலைக் குழாய்களில் 10 முதல் 25 செ.மீ. வரையிலான பட்டையில் ஏறக்குறைய பாதிப் பூச்சு போயிருந்தது. டைல் கோட்டின்மேல் அங்கங்கே ஊசிமுனை அளவு வெள்ளை, அவ்வளவே. நீர்மண், அதாவது நீர் தேங்கி ஆக்சிஜன் தீரும் மண், என்று ஒத்துக்கொள்ள, மேல் 30 செ.மீ.க்குள் ஏதாவது ஒரு 15 செ.மீ. பட்டையில் 30 சதவீதம் போயிருக்க வேண்டும், ஐந்தில் மூன்று குழாயிலாவது. மூலை எளிதாகத் தேறியது, டைல் கோடு கிட்டேகூட வரவில்லை. ஒரே கொல்லை, வரைபடத்தில் ஒரே பெயர். ஆனால் ஒரு மூலையில் சதுப்பு இன்னும் உயிரோடு இருக்கிறது, இன்னொரு பக்கம் அது வெறும் நிறம்.

என்னை அதிகம் யோசிக்கவைத்தது மூலைக் குழாய்களின் அடிப்பகுதி. 35 செ.மீ.க்குக் கீழே, நன்றாகச் சாம்பலான அடுக்கில், தண்ணீர் நின்றும் பூச்சு பெரும்பாலும் அப்படியே இருந்தது. அங்கே நுண்ணுயிர்களுக்குத் தின்ன மட்கு இல்லை. அந்த அடுக்கின் சாம்பல் நிறம் மிகப் பொறுமையாக, வேர்கள் அழுகிய கொஞ்ச நஞ்சத்தைக் கொண்டு சேர்ந்தது. பூச்சு கரைந்தால் ஈரம் உண்டு என்று சொல்லலாம், கரையாவிட்டால் ஈரம் இல்லை என்று சொல்லிவிட முடியாது.

இது கொல்லைப்புற விஷயம் மட்டும் இல்லை. 2014 ஆகஸ்டில் ஈரி ஏரிப் பாசியின் நஞ்சு குழாய்த் தண்ணீரில் கலந்து, டொலீடோவில் நான்கு லட்சம் பேர் குடிக்கத் தண்ணீர் இல்லாமல் தவித்தார்கள். அந்தப் பாசிக்குத் தீனி, மாமீ ஆற்றுப் படுகை வயல்களிலிருந்து வரும் பாஸ்பரஸ். அதில் ஒரு பங்கு டைல் வழியாகவே போகிறது. வயல்களைத் திரும்பச் சதுப்பாக்கினால் நைட்ரேட் வாயுவாகப் போய்விடும், அது நல்லது. ஆனால் பாஸ்பரஸ் இரும்பு ஆக்சைடில் ஒட்டியிருப்பது. என் குழாயில் பூச்சு கரைந்தது மாதிரி மண்ணிலும் இரும்பு கரையும்போது அதுவும் விடுபடும். உரம் போட்டுப் பழகிய வயலைத் தண்ணீரில் நிறுத்தும் முன் அதன் பாஸ்பரஸ் அளவைப் பார்த்தே ஆக வேண்டும் என்று இப்போது உறுதியாக நினைக்கிறேன்.

கத்தரிக்கும் வெண்டைக்கும் பாத்தியை டைல் கோட்டுக்கு மாற்றிவிட்டேன். தாழ்ந்த மூலையில் மண் கொட்டி மேடாக்கப் போவதில்லை, அங்கே ஈரத்தில் வளரும் பால்செடி நட்டிருக்கிறேன். அடுத்த வசந்தத்தில் மாங்கனீசு பூசிய குழாய்கள். இரும்புக்கு முன்பே மாங்கனீசு கரைவதால் டைல் கோட்டில் குறுகிய நேர ஈரம் இருந்தாலும் தெரிந்துவிடும். வயலுக்குள் முழங்கால் உயரம்கூட இல்லாத ஒரு திட்டு இருக்கிறது, வரைபடம் அதை நாப்பனி மண் என்கிறது. அதே பனியாற்றுக் களிதான், ஆனால் நீர் வடிவது ஹாய்ட்வில்லைவிடப் பரவாயில்லை. அங்கேயும் ஐந்து குழாய் நட வயல்காரப் பெரியவர் சம்மதித்துவிட்டார், விதைப்புக்கு முன் பிடுங்கிவிட வேண்டும் என்பது மட்டும் அவர் நிபந்தனை.