மணல்ல ஓடுற குவாட் பைக்குக்கு முதல்ல ஏர் ஃபில்டர்

ஷார்ஜா அல் பதாயர் மணல்மேட்டுப் பக்கம், நாலு சக்கர மணல் வண்டியான குவாட் பைக் ஷெட்டுகளுக்குப் புதுசா வேலைக்கு வர்ற தம்பிகளுக்காக இதை எழுதுறேன்.

ஊர்ல பைக் மெக்கானிக்கா இருந்துட்டு வர்றவங்க முதல்ல இன்ஜின் ஆயிலைத்தான் பார்ப்பாங்க. பார்க்கணும்தான். ஆனா பாலைவனத்துல முதல்ல திறக்க வேண்டியது ஏர் ஃபில்டர் பெட்டி. மாவு மாதிரி இருக்கிற பொடி மணல் உள்ள போச்சுன்னா பிஸ்டன் ரிங்கையும் சிலிண்டர் சுவரையும் தேய்ச்சுடும். அப்புறம் புகை, இழுவை குறையும், கடைசியில இன்ஜினையே பிரிக்கணும்.

ஃபோம் ஃபில்டரைத் தயவுசெஞ்சு பெட்ரோல்ல கழுவாதீங்க. தீப்பிடிக்கிற ஆபத்து இருக்கு, ஃபோமை ஒட்டியிருக்கிற கோந்தும் விட்டுடும். சோப்புத் தண்ணியில அலசி, முறுக்காம அமுக்கிப் பிழிஞ்சு, முழுசா காய்ஞ்ச பிறகு ஃபில்டர் ஆயில் தடவுங்க. அந்த எண்ணெய்ப் பசைதான் தூசியைப் பிடிக்குது. விளிம்புல கொஞ்சம் கிரீஸ் வச்சா இடுக்கு வழியா மணல் நுழையாது.

டயர் காத்தழுத்தம் பார்க்க கார் டயருக்கு வச்சிருக்கிற கேஜ் (அழுத்தமானி) உதவாது. பெரும்பாலான குவாடுக்கு 3 முதல் 7 பிஎஸ்ஐ வரைதான். வண்டியில ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரைப் பாருங்க. குறைஞ்ச அழுத்தம் காட்டுற கேஜ் தனியா வாங்கி, காலையில டயர் சூடாகுறதுக்கு முன்னாடி அளங்க. இடதும் வலதும் சமமா இல்லைன்னா வண்டி ஒரு பக்கமா இழுக்கும்.

செயின், ஆக்சில் மூட்டை மூடியிருக்கிற ரப்பர் பூட் எல்லாம் தினம் ஒரு பார்வை பாருங்க. பிரேக் பேட் தேஞ்சிருந்தா மட்டும், முதலாளி என்ன சொன்னாலும், அன்னைக்கு அந்த வண்டியை வெளியே விடாதீங்க. அதுல ஏறப்போற வாடிக்கையாளர் அதுவரைக்கும் குவாடைத் தொட்டே இருக்க மாட்டார்.