துபாய் வெயிலும் பந்தயக் குதிரையும்

கிண்டி ரேஸ் லாயத்தில் சைஸாக, அதாவது குதிரையைப் பராமரிக்கிறவனாக, வேலைக்குச் சேர்ந்து, அப்புறம் துபாயில் ஒரு லாயத்தில் சில குளிர்காலங்கள் இருந்துவிட்டு வியாசர்பாடிக்கே திரும்பியவன் நான். எங்கள் பக்கத்தில் ரேஸ் பேச்சு இன்னும் ஓயவில்லை. "ஏண்ணா, காசு இருக்கிறவன் குதிரையைக் குளிருக்குத் துபாய் அனுப்பி, அப்புறம் ஐரோப்பாவுல ஓட விடுறானே, அது பலிக்குதா?" என்று டீக்கடையில் பையன்கள் கேட்பார்கள். பலிக்கும், ஆனால் எல்லா ஊர்ப் பந்தயத்துக்கும் பலிக்காது என்பேன்.

டிசம்பர் கடைசியில் இங்கிலாந்தில் பகல் எட்டு மணி நேரம்கூட இருக்காது. துபாயில் பத்தரை மணி நேரம். குதிரையின் ரோமம் கூடுவதும் குறைவதும் குளிரைவிட வெளிச்சத்தைப் பொறுத்தது. இங்கிலாந்திலிருந்து துபாய்க்கு வந்த குதிரையைத் தேய்த்துவிட்டால் பிரஷ்ஷில் கொத்துக் கொத்தாக ரோமம் வரும். போகப் போக உள்ளிருந்து புதுத் தோல் மினுங்கும், தோள்பட்டைச் சதை இறுகும். தரை உறைந்து கல்லாகிவிட்டால் இங்கிலாந்தில் கேலப்பையே (வேக ஓட்டப் பயிற்சியை) நிறுத்தியாக வேண்டும். துபாயில் அந்தக் கவலை இல்லை. மே மாத முதல் பெரிய பந்தயங்களில் அந்த முன்னேற்றம் தெரியும்.

1994-ல் துபாய் ஷேக்கின் பந்தய நிறுவனமான கோடோல்பினின் பலான்சின் என்ற பெண் குதிரை இங்கிலாந்தில் பெண் குதிரைகளுக்கான ஓக்ஸ் பந்தயத்தையும், ஆண் குதிரைகளோடு ஓடி அயர்லாந்தின் ஐரிஷ் டெர்பியையும் ஜெயித்தது. அடுத்த வருஷம் லம்தாரா. துபாயில் குளிர்காலத்தில் கடும் நோயில் விழுந்து எழுந்த குதிரை அது. அந்த வருஷத்தின் முதல் ஓட்டமே இங்கிலாந்தின் எப்சம் டெர்பிதான், அதிலும் சாதனை நேரத்தில் ஜெயித்தது. அப்புறம் இங்கிலாந்தில் கிங் ஜார்ஜ், பாரிஸில் ஆர்க் என்ற பெரிய பந்தயங்களும். தோல்வியே காணாமல் ஓய்வு பெற்றது.

பணத்தால் வெயிலை வாங்கிவிடலாம், பயணம்தான் குதிரையைச் சோதிக்கும். கிண்டிக் குதிரைகளை ஊட்டி சீசனுக்கு லாரியில் ஏற்றும்போதே ஒரு வயதான சைஸ் எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தார். தலையை உயரக் கட்டி வைத்தால் குதிரையால் குனிய முடியாது, சளி இறங்காது, நுரையீரலில் தங்கி நோயாகிவிடும். மலை ஏறும் வழியில் நிறுத்தி, கயிற்றைத் தளர்த்தி, புல்லைக் கால் பக்கம் போடச் சொல்வார். விமானத்தில் பல மணி நேரம் வந்த குதிரைக்கும் அதேதான். இறங்கியதும் காலையும் மாலையும் தெர்மாமீட்டர் வைப்போம். 101.5 டிகிரியைத் தாண்டினால் அன்றைக்கு ஓட்டம் கிடையாது, முதலாளி எவ்வளவு பெரியவராக இருந்தாலும் சரி.

அமெரிக்காவின் கென்டக்கி டெர்பி வேறு விஷயம். அங்கே புல் இல்லை, மண் தடம், 20 குதிரை வரை ஓடும், முன்னே போவதன் குளம்பு கிளப்பும் மண் பின்னால் வருவதன் முகத்தில் அறையும். 1999-ல் கோடோல்பின் வோர்ல்ட்லி மேனர் என்ற குதிரையைத் துபாயில் தனி ஓட்டத்தில் தயார் செய்து நேரே அங்கே இறக்கியது. 7-வது இடம். தனி ஓட்டத்தில் நெரிசலும் இல்லை, கண்ணில் அடிக்கும் மண்ணும் இல்லை. எவ்வளவு திறமையான சைஸும் அதை லாயத்தில் பழக்க முடியாது. 2018-ல் மென்டல்சன் என்ற குதிரை துபாயில் நடக்கும் யூஏஈ டெர்பியைப் பதினெட்டரை லெங்த் (குதிரை நீளம்) வித்தியாசத்தில் ஜெயித்துவிட்டுப் போய், கென்டக்கியில் கடைசியாக வந்தது. அதனால் நடக்கவே நடக்காது என்றும் சொல்ல மாட்டேன்: 2024-ல் ஜப்பானின் ஃபாரெவர் யங் அதே வழியில் போய் மூக்கு நீள வித்தியாசத்தில் வெற்றியை இழந்து 3-வது இடம் பிடித்தது. அது மண் தடத்தில் நிறைய ஓடிப் பழகிய குதிரை.

கோடோல்பின் ஜாக்கிகள் போடும் நீல உடைக்குக் கென்டக்கி டெர்பி 2025-ல்தான் கிடைத்தது. ஜெயித்த சவரெய்ன்டியைப் பழக்கியவர் அமெரிக்க ட்ரெயினர் பில் மாட். அதன் குளிர்காலம் கழிந்தது துபாயில் இல்லை, ஃபுளோரிடாவில்.