இருவர் நாற்காலி: மலையடிவார நாட்குறிப்பு

மார்ச் 9, 2025, ஞாயிறு

இன்று எங்கள் பனிச்சறுக்கு மலையின் நாற்காலி லிஃப்ட் இருபது நிமிடம் நின்றுவிட்டது. மேலே தொங்கிக்கொண்டிருந்தவர்களில் என் மகளும் ஒருத்தி. காற்று வேறு பலமாக வீசியது. கீழே நின்றபடி அவளுடைய சிவப்புக் குல்லாவை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. எங்கள் மெக்கானிக் எழுபதைத் தாண்டியவர். ஒவ்வொரு கம்பமாகச் சோதித்துக்கொண்டே போய், பதினோராவது கம்பத்தில் கோளாறைக் கண்டுபிடித்தார். வடம் சக்கரத்தை விட்டு விலகினால் உடைந்து லிஃப்டை நிறுத்துவதற்கென்று கம்பத்துக்குக் கம்பம் ஒரு சிறு தண்டு இருக்கிறது. அதற்குப் போகும் மின்கம்பி துருவேறி அறுந்திருந்தது. அறுந்தால் நிற்க வேண்டும் என்றுதான் அதை அமைத்திருக்கிறார்கள். அது தன் வேலையைச் செய்தது. ஆனால் துரு அந்த ஒரு கம்பத்தோடு நிற்குமா?

படிப்பவர்களுக்காகச் சில வரிகள். இது அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ஒரு சிறிய பனிச்சறுக்கு மலை. நிறுவனம் எதற்கும் சொந்தமானதன்று. ஊர்க்காரர்கள் சேர்ந்து நடத்துகிறோம். குழந்தைகளுக்கு ஒரு கயிற்று இழுவை (பிடித்துக்கொண்டால் மேலே இழுத்துப்போகும் ஓடும் கயிறு), பெரியவர்களுக்கு 1960களில் நட்ட ஒரு நாற்காலி லிஃப்ட், ஒரு மரக்கட்டிடம், அதில் ஒரு சூப் அடுப்பு. பழனியில் ரோப் காரைப் பார்த்தவர்களுக்கு லிஃப்ட் எளிதில் புரியும். சுற்றிக்கொண்டே இருக்கும் எஃகு வடம், அதில் தொங்கும் இருக்கைகள். இங்கே பெட்டி கிடையாது. இருவர் உட்காரும் திறந்த பெஞ்சு, ஓட்டம் நிற்காமலேயே பின்னாலிருந்து வந்து முழங்காலைத் தொடும். உட்கார்ந்துவிட வேண்டியதுதான்.

மகள் இறங்கி வந்ததும் சொன்னாள்: "அப்பா, பக்கத்தில் இருந்த பாட்டி எனக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தார்." அவளுக்குப் பயமே இல்லை. பயந்தவன் நான்தான்.

மார்ச் 15, சனி

பொதுக்கூட்டம். பழைய லிஃப்டை என்ன செய்வது என்பது ஒன்றுதான் பேச்சு. வேறொரு பெரிய மலையில் கழற்றிவைத்த நால்வர் நாற்காலி லிஃப்ட் ஒன்று விலைக்கு வருகிறதாம். வரிசையில் நிற்க வேண்டாம், கூட்டம் கூடும், கல்லா நிறையும் என்றார்கள். நானும் கைதட்டினேன். மகள் மேலே தொங்கியது இன்னும் கண்ணுக்குள் இருந்தது.

ஒரு பெண்மணி மட்டும் எழுந்து ஒரு கணக்குக் கேட்டார். இருவர் நாற்காலி மணிக்கு அதிகம் போனால் 1200 பேரை ஏற்றும். நால்வர் நாற்காலி அதைப்போல இரண்டு பங்கு. "ஏறுகிறவர்கள் எல்லாரும் இறங்கியாக வேண்டுமே, எதன்மேல் இறங்குவார்கள்?" எங்களிடம் இருப்பது பெரும்பாலும் வானம் கொடுக்கும் பனி. சறுக்குப் பலகைகளின் விளிம்பு ஒவ்வொரு முறையும் அதைச் சுரண்டித் தள்ளுகிறது. ஆள் இரட்டித்தால் மதியத்துக்குள் புல் தெரியும். செயற்கைப் பனி தயாரிக்கலாமே என்றால், ஓர் ஏக்கரில் ஓரடி உயரம் நிரப்ப ஆறேழு லட்சம் லிட்டர் தண்ணீர் வேண்டும். எங்கள் ஓடை ஜனவரியில் என் இடுப்பளவு அகலம்கூட இருப்பதில்லை.

கைதட்டியது அவசரமோ என்று வீடு திரும்பும் வழியெல்லாம் யோசித்தேன்.

மார்ச் 22, சனி

மூன்று பேராக மேட் ரிவர் கிளென் என்ற இன்னொரு சறுக்கு மலைக்குப் போய்வந்தோம். எழுதாமல் தூங்கப்போவதில்லை.

ஃபேஸ்டன் ஊரில், ஜெனரல் ஸ்டார்க் மலையில் இருக்கிறது. ரோலண்ட் பால்மெடோ என்ற நியூயார்க் முதலீட்டாளர் 1948-49 குளிர்காலத்தில் திறந்தது. அவர் அதற்கு முன் ஸ்டோவ் மலையில் லிஃப்ட் கொண்டுவந்தவர்களில் ஒருவர். ஸ்டோவ் வணிகமயமாவது பிடிக்காமல் விலகி வந்து, சறுக்குவதற்கு மட்டுமென்று ஒரு மலையைத் தேடினார். அன்று நட்டது ஒருவர் மட்டும் உட்காரும் நாற்காலி லிஃப்ட். அது இன்றும் ஓடுகிறது. அமெரிக்கச் சறுக்கு மலைகளில் இத்தகைய ஒற்றை நாற்காலி இன்னொன்று அலாஸ்காவில் இருக்கிறது, அவ்வளவுதான்.

1995இல் உரிமையாளர் பெட்ஸி பிராட் மலையை எந்த நிறுவனத்துக்கும் கொடுக்காமல் அங்கே சறுக்குகிறவர்களின் கூட்டுறவுக்கே விற்றார். பத்தாண்டு கழித்து அந்த உறுப்பினர்களும் இன்று நாங்கள் நிற்கும் இடத்தில் நின்றார்கள். லிஃப்ட் தேய்ந்துவிட்டது, புதிதாக இருவர் நாற்காலி போடுவதா, பழைய ஒற்றை நாற்காலியையே காப்பாற்றுவதா? ஒற்றை நாற்காலி என்று முடிவெடுத்தார்கள். 15 லட்சம் டாலருக்கு மேல் திரட்டினார்கள். 2007 கோடையில் கம்பங்களைப் பிடுங்கி, மணல் பீய்ச்சித் துருவைச் சுரண்டி, வண்ணம் பூசி, புதிய கான்கிரீட் அடித்தளத்தில் ஹெலிகாப்டரால் திரும்ப நிறுத்தினார்கள். ஓட்டும் இயந்திரம் புதிது. பார்ப்பவன் கண்ணுக்குத் தெரிவது மட்டும் பழையது. 2012இல் அந்த மலை தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் சேர்ந்தது.

நானும் அதில் ஏறினேன். பக்கத்தில் ஆளில்லை. ஒரு குழாய், ஒரு இருக்கை, மடிமேல் ஒரு தடுப்பு. மரங்களுக்கிடையே கிழித்த குறுகலான பாதையில் வடம் சக்கரங்கள்மேல் ஏறும்போது கம்பத்துக்குக் கம்பம் ஒரு தடதடப்பு, பிறகு பெரிய அமைதி. பத்துப் பன்னிரண்டு நிமிடம். முன்னால் போகிறவரின் முதுகு, பின்னால் யாரோ விசிலடிக்கும் ஒலி. உச்சியில் இறங்கியபோது சரிவில் எனக்கு முன்னால் நான்கே பேர் இருந்தார்கள். வரிசையில் அரைமணி நின்றதற்கு மலை கொடுத்த கூலி அதுதான் என்று அப்போது விளங்கியது. கீழே காத்திருப்பதால் மேலே இடம் கிடைக்கிறது, பனி மிஞ்சுகிறது.

அங்கே எல்லாமே எனக்கு உடன்பாடு என்று சொல்ல மாட்டேன். ஒற்றைப் பலகையில் சறுக்கும் ஸ்னோபோர்டுக்காரர்களை இன்றும் அனுமதிப்பதில்லை. ஒரு மலையின் குணம் ஆட்களை வெளியே நிறுத்துவதில் இருக்கிறது என்று என்னால் ஏற்க முடியாது. எங்கள் மலையில் அது ஒருநாளும் நடக்கக்கூடாது.

திரும்பும்போது காரில் யாரும் நால்வர் நாற்காலியைப் பற்றிப் பேசவில்லை.

ஏப்ரல் 5, சனி

மழை. பனி கரைந்து சேறு. மலையை மூடிவிட்டோம்.

நால்வர் நாற்காலியை ஆதரிப்பவர்களுக்கும் நியாயம் உண்டு என்பதைப் பதிவு செய்ய வேண்டும். லண்டன்டெரியில் இருக்கும் மேஜிக் மவுன்டன் 1991இல் மூடப்பட்டு ஆறு ஆண்டு கிடந்து மறுபடி எழுந்த மலை. அவர்கள் பக்கத்து ஸ்ட்ராட்டன் மலையில் கழற்றிய நால்வர் நாற்காலியை வாங்கித் தங்கள் உச்சிக்குப் பொருத்தினார்கள். பல ஆண்டு இழுத்தது, ஆனாலும் முடித்துவிட்டார்கள். லிஃப்ட் பெரிதானபோதும் ஒரு நாளில் விற்கும் டிக்கெட்டுக்கு வரம்பு வைத்து மலையைக் காக்கிறார்கள். அதுவும் ஒரு வழி. அவர்களுடைய சரிவு பெரியது, செங்குத்து. எங்களுடையது சிறியது. அவர்கள் சட்டை நமக்குத் தொளதொளக்கும்.

மூடிய மலைகளின் கணக்கு நெஞ்சை அடைக்கிறது. வெர்மான்ட்டும் சேர்ந்த நியூ இங்கிலாந்து பகுதியில் மட்டும் 600க்கு மேற்பட்ட சறுக்கு மலைகள் காணாமல் போயிருக்கின்றன. பலவற்றில் ஒரு கயிற்று இழுவை தவிர வேறொன்றும் இருந்ததில்லை. அமெரிக்காவின் முதல் கயிற்று இழுவையே இந்த மாநிலத்தில் உட்ஸ்டாக்கில், 1934இல், ஃபோர்டு கார் என்ஜினை வைத்து ஓட்டியதுதான். தப்பிப் பிழைத்தவற்றில் பெரியவற்றைக் கார்ப்பரேட்டுகள் ஒவ்வொன்றாக வாங்குகின்றன: 2017இல் ஸ்டோவை வெயில் ரிசார்ட்ஸ் (Vail Resorts) நிறுவனம், 2020இல் சுகர்புஷ்ஷை ஆல்டெரா. நாங்கள் தவறாக ஒரு கடன் வாங்கினால் எந்தப் பட்டியலில் சேர்வோம் என்பது எனக்குத் தெரியும்.

மே 10, சனி

வாக்கெடுப்பு முடிந்தது. இருவர் நாற்காலியே இருக்கும். அடித்தளம், மோட்டார், பிரேக், மின்சுற்று, வடம் எல்லாம் புதிதாகும். மிஞ்சும் பணத்தில் கழிப்பறை. (அந்தக் கழிப்பறையைப் பற்றி ஒருவரும் ஏக்கப் பெருமூச்சு விடப்போவதில்லை. பழையது என்பதற்காக எல்லாவற்றையும் காப்பாற்ற வேண்டியதில்லை.) சூப் அடுப்பு அதே இடத்தில் இருக்கும்.

தோற்ற தரப்பில் ஓர் இளைஞர் எழுந்து, "சரி, மண்வெட்டி எங்கே?" என்று கேட்டார். அவருக்காகக் கைதட்டினேன். இந்தத் தடவை யோசித்துத்தான்.

ஜூன் 21, சனி

ஏழாவது கம்பத்தின் அடியைத் தோண்டினோம். மேலே பார்க்கக் கல்போல இருந்த கான்கிரீட், ஒரு முழம் கீழே போனதும் விரலால் பிசைந்தாலே உதிர்ந்தது. அறுபது குளிர்காலம் ஈரம் உள்ளே புகுந்து உறைந்து விரிந்து, உருகிச் சுருங்கி, மறுபடி உறைந்து விரிந்து அதைத் தின்றிருக்கிறது. நங்கூரப் போல்ட்டு ஒன்றைத் துடைத்துப் பார்த்தேன். தண்டின் நடுப்பகுதி சுண்டுவிரல் கனத்துக்குத் தேய்ந்திருந்தது. இதன்மேல்தான் மார்ச்சில் என் மகள் தொங்கினாள். நால்வர் நாற்காலியை வாங்கியிருந்தாலும் முதலில் இங்கேதான் தோண்டியிருப்போம் என்று சிலர் சொன்னார்கள். உண்மைதான். ஆனால் அதற்குள் பணம் மேலேயே செலவாகியிருக்கும்.

ஆகஸ்ட் 16, சனி

கட்டுப்பாட்டுப் பெட்டி தருவதாகச் சொன்ன நிறுவனம் மூன்றாவது முறையாகத் தேதியைத் தள்ளிப்போட்டிருக்கிறது. கோபம் தலைக்கேறுகிறது. கோடை முடிய அதிக நாளில்லை. வேறென்ன எழுத?

அக்டோபர் 18, சனி

புதிய வடத்தின் இரு முனைகளையும் இன்று இணைத்தார்கள். இந்த வேலை தெரிந்த கைகள் நாட்டில் குறைவு. வெளியூரிலிருந்து இருவர் வந்திருந்தார்கள். முடிச்சு கிடையாது, வெல்டிங் கிடையாது, பசை கிடையாது. வடத்தில் ஆறு புரிகள், நடுவே ஒரு கரு. இரு முனைகளையும் நீளமாகப் பிரித்து, இந்தப் பக்கத்துப் புரி விட்ட பள்ளத்தில் அந்தப் பக்கத்துப் புரியைப் படுக்கவைக்கிறார்கள். கடைசியில் ஒவ்வொரு நுனியையும், கருவை உருவி எடுத்துவிட்டு, அந்த வெற்றிடத்துக்குள் செருகுகிறார்கள். இணைப்பின் நீளம் வடத்தின் விட்டத்தைப்போல 1200 மடங்கு இருக்க வேண்டும் என்பது விதி. எங்களுடையது 28 மில்லிமீட்டர் வடம், ஆக ஏறத்தாழ 34 மீட்டர்.

முடிந்தபிறகு கையுறையைக் கழற்றி அந்த இடத்தைத் தடவினேன். எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று விரலுக்குத் தெரியவில்லை. இழுவிசை ஏற ஏறப் புரிகள் கரு இருந்த இடத்தில் உட்கார்ந்திருக்கும் நுனிகளை நெரித்துப் பிடிக்கும். பாரம்தான் பிடிமானம். தலைப்பின்னல் போடும் பெண்களின் விரல்கள்போல அந்த இருவரின் விரல்கள் ஓடின. மாலைவரை அவர்கள் பக்கத்திலிருந்து நான் நகரவில்லை.

நாற்காலியை வடத்தோடு கவ்வும் பிடிகளை அவ்வப்போது சிறிது நகர்த்திப் பொருத்த வேண்டும், ஒரே இடம் தேயாமலிருக்க. இனி அது என் வேலை என்று மெக்கானிக் சொல்லிவிட்டார். அவர் யாருக்கும் எதையும் லேசில் கொடுப்பவரல்லர்.

நவம்பர் 15, சனி

பாரச் சோதனை. மேலேறும் நாற்காலிகள் எல்லாவற்றிலும் தண்ணீர் நிரப்பிய பீப்பாய்களைக் கட்டினோம்; நாற்காலிக்கு ஏறத்தாழ 170 கிலோ. இருவர் எடையைவிடப் பத்து விழுக்காடு கூடுதல். முழுப் பாரத்தோடு ஓடவிட்டு, ஒவ்வொரு பிரேக்கையும் தனித்தனியாகப் பிடித்து நிறுத்தினார்கள். கடைசியாக, நின்ற வடம் பாரத்தால் பின்னோக்கி உருள்கிறதா என்ற சோதனை. மாநில ஆய்வாளர் ஒரு கையில் குறிப்பேட்டோடு கீழ்ச்சக்கரத்தில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கோடு அசையவில்லை.

பழைய டீசல் என்ஜினின் சத்தம் இனி கிடையாது. புதிய மோட்டார் முனகுவதோடு சரி. அந்தச் சத்தம் பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்டால்தான் ஊருக்குச் சனிக்கிழமை விடிந்ததாக அர்த்தம். அதைக் காப்பாற்ற வழியில்லை. புகையோடு சேர்ந்துதான் அது வந்தது. மெக்கானிக் இன்று மதியம் தனியாக என்ஜின் கொட்டகையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். நான் உள்ளே போகவில்லை.

டிசம்பர் 13, சனி

திறந்துவிட்டோம். இரவு பெய்தது பதினைந்து சென்டிமீட்டர் இருக்கும். காலை எட்டரைக்கு வரிசை சூப் அடுப்புவரை வந்துவிட்டது. ஒருவரும் முணுமுணுக்கவில்லை என்று எழுதினால் பொய். சிலர் முணுமுணுத்தார்கள். மண்வெட்டி கேட்ட அந்த இளைஞர்தான் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தார்.

நாற்காலிகளின் முதுகில் எண்களைக் கோடையில் பள்ளிப் பிள்ளைகள் கையால் எழுதினார்கள். 32இல் இரண்டு சற்றே சாய்ந்திருக்கிறது. மகள் அதற்காகவே ஆறு பேரை முன்னே போகவிட்டுக் காத்திருந்தாள். 32 சுற்றி வந்தது. மார்ச்சில் பாட்டுச் சொல்லிக்கொடுத்த பாட்டி தடியைத் தூக்கி அவளை அழைத்தார். இருவரும் உட்கார்ந்தார்கள். பதினோராவது கம்பத்தைத் தாண்டும்வரை நான் கீழே நின்றிருந்தேன்.